ஒருமுறை ஓடி மறுமுறை விழும் லிங்க்டு லிஸ்ட்

கேள்வி: பி.இ. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் சி மொழியில் நடக்கிறது. வகுப்பில் புரிகிறது. ஆனால் லேபில் லிங்க்டு லிஸ்டிலிருந்து (ஒவ்வொரு நோடும் ஒரு மதிப்பையும் அடுத்த நோடின் முகவரியையும் வைத்திருக்கும் சங்கிலி) ஒரு நோடை நீக்கும் புரோகிராம் ஒருமுறை சரியாக ஓடுகிறது, மறுமுறை ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தொடக் கூடாத மெமரியைத் தொட்ட பிழை) என்று நின்றுவிடுகிறது. பேசாமல் மனப்பாடம் செய்துவிடு என்கிறார்கள் சீனியர்கள். என்ன செய்யலாம்?

பதில்: மனப்பாடம் வேண்டாம். எழுத்துத் தேர்வை அப்படித் தாண்டிவிடலாம். லேப் தேர்வில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) வந்து ‘கடைசிக்கு முந்தைய நோடை நீக்கு’ என்று கொஞ்சம் மாற்றிக் கேட்டாலே கை நின்றுவிடும்.

ஒருமுறை ஓடுகிறது, மறுமுறை நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் தடயம். வெறும் லாஜிக் தப்பு என்றால் ஒரே இன்புட்டுக்கு எப்போதும் அதே தப்பான விடைதான் வரும். இப்படி மாறி மாறி நடந்தால், பெரும்பாலும் ஃப்ரீ செய்த, அதாவது வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியைத் தொடுகிறீர்கள், அல்லது மதிப்பே கொடுக்காத பாயின்டரைப் (மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி) பிடித்துக்கொண்டு போகிறீர்கள்.

லிஸ்டில் 10, 20, 30 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10-ஐ நீக்க, ஃபங்ஷனுக்கு ஹெட்டை (முதல் நோடைக் காட்டும் பாயின்டர்) அனுப்புகிறீர்கள். உள்ளே போவது ஹெட்டின் நகல்தான். அந்த நகலை 20-க்கு நகர்த்தி, 10-ஐ ஃப்ரீ செய்துவிட்டுத் திரும்புகிறீர்கள். மெயினில் இருக்கும் அசல் ஹெட்டோ 10 இருந்த பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கிறது. ஃப்ரீ செய்தால் அந்த இடம் துடைக்கப்படும் என்பதில்லை. இனி வேறு தேவைக்குத் தரலாம் என்று குறித்துக்கொள்வதோடு சரி. அதனால் சில நேரம் பழைய எண்ணே வரும், சில நேரம் குப்பை வரும், சில நேரம் புரோகிராமே விழும். ஃபங்ஷன் புதிய ஹெட்டைத் திருப்பித் தரட்டும்; மெயினில் அதை மறுபடி ஹெட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பாயின்டருக்குப் பாயின்டர் அனுப்பியும் செய்யலாம், ஆனால் அது கொஞ்சம் பழகிய பிறகு.

முழு லிஸ்டையும் அழிக்கும் லூப்பிலும் இதே வம்பு. ஃப்ரீ செய்த நோடிடமே ‘அடுத்தது எது’ என்று கேட்கக் கூடாது. அடுத்த முகவரியை முதலில் ஒரு தற்காலிகப் பாயின்டரில் எடுத்து வையுங்கள், அப்புறம் ஃப்ரீ.

டைப் அடிக்கும் முன் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் அம்புக்குறியை மாற்றி வரையுங்கள். காலி லிஸ்ட், ஒரே நோட், முதல் நோட், கடைசி நோட், லிஸ்டில் இல்லாத எண் என ஐந்துக்கும் பாருங்கள். முதல் இரண்டிலேயே பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள். லினக்ஸில் ஜிசிசி கம்பைலரை அட்ரஸ் சானிடைசர் என்ற மெமரிப் பிழை காட்டும் வசதியோடும் டீபக் தகவலோடும் கம்பைல் செய்தால், எந்த வரியில் ஃப்ரீ ஆனது, எந்த வரியில் மறுபடி தொட்டீர்கள் என்று இரண்டையும் காட்டும். லேபில் இன்னும் பழைய டர்போ சி கம்பைலர்தான் என்றால் இந்த வசதி கிடையாது. சொந்த லேப்டாப்பில் பழகுங்கள்.

லிஸ்ட் கைவந்துவிட்டால் ஸ்டாக்கும் கியூவும் ஒரு மாலை வேலை. மிச்ச நேரத்தை மரங்களுக்குக் கொடுங்கள். சிறிய எண் இடப்பக்கம், பெரிய எண் வலப்பக்கம் என்று போகும் பைனரி சர்ச் ட்ரீயில் 1 முதல் 1000 வரை வரிசையாகச் செருகிப் பாருங்கள்: வலது பக்கமாகவே நீண்டு, கடைசி எண்ணைத் தேட 1000 ஒப்பீடு ஆகும். 1962-இல் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் தந்த, தன்னைத் தானே சமன் செய்துகொள்ளும் ஏவிஎல் மரத்தில் அதே 1000 எண்களுக்கு 14 அடுக்கைத் தாண்டாது. சமன் செய்ய நோடுகளை இடம் மாற்றும் அதன் ரொட்டேஷன் ஃபங்ஷனும் புதிய வேரைத் திருப்பித் தருவதுதான் வழக்கம். அதை வாங்கி மேலே இருக்கும் நோடில் மாட்ட மறந்தால் மரத்தின் ஒரு பகுதியே காணாமல் போகும்.