வகுப்பில் புரிகிறது, தனியே உட்கார்ந்தால் வரவில்லை
வாசகர் கேள்வி – கணிதப் பேராசிரியர் பதில்

கேள்வி: அம்மா, பள்ளியில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவள் நான். இப்போது கல்லூரியில், நுண்கணிதத்துக்கு முன்பாகப் படிக்க வேண்டிய ப்ரீகால்குலஸ் பாடத்தில் சேர்ந்திருக்கிறேன். பேராசிரியர் பலகையில் எழுதும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது. ஆனால் முதல் தேர்வில் பாதிக் கணக்குகளை எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. எனக்குக் கணிதம் வராது என்று ஒப்புக்கொண்டு வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற வேண்டாம். வகுப்பில் புரிந்தது என்று நீங்கள் சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் அங்கே அடுத்த வரியில் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தவர் உங்கள் பேராசிரியர். நீங்கள் அந்த முடிவு சரிதான் என்று ஒத்துக்கொண்டீர்கள். தேர்வுத்தாள் கேட்பது முடிவெடுக்கும் வேலையைத்தான், அந்த வேலையில் உங்களுக்கு இதுவரை பயிற்சி கிடைக்கவில்லை. ஆகவே வகுப்பு முடிந்த அன்றே, குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, அன்று பலகையில் போட்ட கணக்கை ஒரு வெள்ளைத்தாளில் முதல் வரியிலிருந்து நீங்களாகப் போட்டுப் பாருங்கள். எந்த வரியில் கை நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு, குறிப்பேட்டைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து, மறுபடி மூடிவிட்டுத் தொடருங்கள். மறுநாள் அதே கணக்கைக் கோடு விழாமல் போட முடிந்தால் அது உங்களுடையதாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தின் விடைத்தாள்களைத் திருத்தி வருகிறேன். மடக்கையும் (லாகரிதம்) முக்கோணவியலும் மாணவர்களைக் கவிழ்ப்பதைவிட, அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் பழைய இயற்கணிதம் கவிழ்ப்பதே அதிகம். ஒரு மாணவர் கடினமான சமன்பாடு ஒன்றை மிக அழகாகச் சுருக்கிக்கொண்டு வந்து, கடைசிக்கு முந்திய வரியில் √(எக்ஸ்² + 9) என்பதை எக்ஸ் + 3 என்று எழுதிவிட்டார். எக்ஸ் இருக்கும் இடத்தில் 4 என்று போட்டுப் பார்த்திருந்தால், இடப்பக்கம் √25, அதாவது 5 என்றும், வலப்பக்கம் 7 என்றும் வந்து அந்த வரியே அவரை எச்சரித்திருக்கும். இதே வகைப் பிழைதான் மடக்கையிலும் வருகிறது: மடக்கை 10 + மடக்கை 10 என்பதை மடக்கை 20 என்று எழுதிவிடுகிறார்கள். 10-ஐ அடிமானமாகக் கொண்டால் மடக்கை 10 என்பது 1. ஆகவே இரண்டு மடக்கை 10-களைக் கூட்டினால் 2 வரும்; மடக்கை 20 என்பதோ ஏறத்தாழ 1.301 மட்டுமே. சந்தேகம் வரும் வரியில் ஒரு சிறிய எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். அத்துடன், பின்னங்கள், அடுக்குக்குறி விதிகள், காரணிப்படுத்துதல் ஆகிய மூன்றையும் அடுத்த மூன்று வாரங்களுக்கு நாள்தோறும் இருபது நிமிடம் பயிற்சி செய்யுங்கள். பள்ளியில் முடித்த பாடத்துக்குத் திரும்புகிறோமே என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி: என் மகன் தேர்வுக்கு முந்தைய இரவு ஐந்து, ஆறு மணி நேரம் விடாமல் கணிதம் படிக்கிறான். மற்ற நாட்களில் புத்தகத்தைத் தொடுவதில்லை. மொத்த நேரம் ஒன்றுதானே என்கிறான். எவ்வளவு நேரம் படிக்க வேண்டும், எப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டும்?

பதில்: ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரப் பயிற்சி என்பது கல்லூரிகளில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. வாரத்துக்கு நான்கு மணி நேர வகுப்பு என்றால் எட்டு மணி நேரம். இதைக் கேட்டு மாணவர்கள் திகைப்பார்கள். ஆனால் இயற்கணிதம் பலவீனமாக இருப்பவர்களுக்கு இதுகூடப் போதாது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

மொத்த நேரம் ஒன்றுதான் என்ற உங்கள் மகனின் வாதம் மட்டும் தவறு. ரோடிகர், கார்பிகே என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். இரவு முழுவதும் படித்துவிட்டுக் காலையில் எழுதும் சிறு தேர்வில் உங்கள் மகன் தப்பிப்பதற்கும், பருவத்தேர்வில் அதே கணக்கு அந்நியமாகத் தெரிவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

கணக்குகளைக் கலந்து போடுவது பற்றி ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் காணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் வகைவகையாகப் பிரித்துப் பயின்றார்கள், மற்றவர்கள் நான்கையும் கலந்து பயின்றார்கள். பயிற்சியின்போது பிரித்துப் பயின்றவர்கள் 89 சதவீதமும் கலந்து பயின்றவர்கள் 60 சதவீதமும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முன்னவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட, பின்னவர்கள் 63 சதவீதம் எடுத்தார்கள். பாடநூலில் ஒரு பயிற்சியின் இருபது கணக்குகளும் ஒரே முறையில் தீர்பவை. எந்த முறை என்று யோசிக்கும் தேவையே அங்கு எழுவதில்லை. ஆகவே உங்கள் மகன் தினமும் ஒரு மணி நேரம் உட்காரட்டும். அன்றைய பாடத்தில் ஐந்து கணக்கும், முந்தைய இயல்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மூன்று கணக்கும் போடட்டும். முதல் இரண்டு வாரங்களுக்கு இது எரிச்சலூட்டும். தடுமாறுவதைப் பார்த்து அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: முக்கோணவியல் முற்றொருமைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் சேர்ந்தால் 1 என்பதையும், இரு கோணங்களின் கூடுதலுக்கான சைன், கோசைன் வாய்பாடுகள் இரண்டையும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதைக் கோசைன் வர்க்கத்தால் வகுத்தால் டேன்ஜென்ட், சீகன்ட் தொடர்பு வந்துவிடும். கூடுதல் வாய்பாட்டில் இரண்டு கோணங்களையும் சமமாக வைத்தால் இரட்டைக் கோண வாய்பாடு வந்துவிடும். கோண மதிப்புகளிலும் இப்படியொரு ஒழுங்கு உண்டு. 0, 30, 45, 60, 90 பாகைகளுக்குச் சைன் மதிப்புகள் முறையே √0, √1, √2, √3, √4 ஆகியவற்றைத் தனித்தனியே 2-ஆல் வகுத்தவை. கோசைனுக்கு இதே வரிசையைத் திருப்பி எழுதினால் போதும். ஓரலகு வட்டத்தை, அதாவது ஆரம் 1 ஆக உள்ள வட்டத்தை, வாரம் ஒரு முறை வெற்றுத்தாளில் வரைந்து, முதல் கால்பகுதியின் மதிப்புகளை மட்டும் நினைவிலிருந்து நிரப்பி, மற்ற மூன்றையும் சமச்சீரைக் கொண்டு நிரப்புங்கள்.

கேள்வி: கால்குலேட்டர் அனுமதிக்கப்படுகிறது. பிறகும் கையால் போட்டுப் பழக வேண்டுமா?

பதில்: வேண்டும். பாகைக்குப் பதிலாக ரேடியன் என்ற கோண அலகில் வைத்திருக்கும் கருவியில் சைன் 30 என்று அழுத்தினால் ஏறத்தாழ −0.988 என்று காட்டும். 30 பாகைக்கு விடை 0.5 என்று கைப்பழக்கத்தில் அறிந்தவருக்குத்தான் அது தவறு என்று உடனே உறைக்கும்.

கேள்வி: சார்பு, சார்பு என்று இந்தப் பாடம் முழுவதும் ஒரே சொல்தான். நுண்கணிதத்துக்கு இது எதற்கு?

பதில்: நுண்கணிதத்துக்குள் நுழையும் முன் சார்புகளை, அதாவது ஓர் எண்ணைத் தந்தால் ஒரே ஒரு விடையைத் தரும் விதிகளை, தெளிவாக அறிய வேண்டும் என்ற எண்ணம் பழையது. 1748-இல் கணிதவியலாளர் ஆய்லர் வெளியிட்ட இரண்டு தொகுதி நூல் அதற்காகவே எழுதப்பட்டது. சார்பு என்ற கருத்தை அவர் அதில் நடுவில் வைத்தார். ஏன் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். ஓர் எண்ணை வாங்கி அதன் வர்க்கத்தைத் தரும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். 3-ஐத் தந்தால் 9. 3-ஐவிடச் சற்று அதிகமாக, 3.1 தந்தால் 9.61. விளைவு கூடியது 0.61, தந்த எண் கூடியது 0.1, வகுத்தால் 6.1. அடுத்து 3.01 தந்தால் 9.0601 வரும், வகுத்தால் 6.01. கூடுதலை ஹெச் என்று வைத்து (3 + ஹெச்)² என்பதை விரித்தால், வகுத்த விடை 6 + ஹெச் என்று வந்து நிற்கும். ஹெச் சுருங்கச் சுருங்க அது 6-ஐ நெருங்குகிறது, அந்த 6-தான் நுண்கணிதத்தின் முதல் விடை. இதில் புதிய கருத்து கடைசி அடி மட்டுமே. அதற்கு முன் நடந்தவை சார்பில் மதிப்பை இடுவதும், விரிப்பதும், சுருக்குவதும்தான். அவற்றில் தடுமாறுகிறவர்கள் கடைசி அடி வரை போவதே இல்லை.

கேள்வி: பேராசிரியரின் அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. "ஒன்றும் புரியவில்லை" என்று எப்படிச் சொல்வது?

பதில்: அப்படிச் சொல்ல வேண்டாம், அதற்கு அவராலும் பதில் சொல்ல முடியாது. நீங்கள் முயன்ற கணக்கை, அடித்தல் திருத்தல்களோடு அப்படியே எடுத்துச் செல்லுங்கள். "இந்த வரி வரை வந்தேன், ஐயா, இங்கே பின்னத்தின் பகுதியில் உள்ளதைக் காரணிப்படுத்த முயன்றேன், முடியவில்லை" என்று விரலை வைத்துக் காட்டுங்கள். என் அறைக்கு அப்படி ஒரு தாளோடு வருகிறவரிடம் நான் பேசத் தொடங்கும் முன்பே, பிழை இருக்கும் வரி பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். அதற்கு இரண்டு வரி முன்பாக ஒரு குறி மாறியிருக்கும். அதே தாளின் கீழே, அவர் எதிரிலேயே அந்தக் கணக்கை முடித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.