ஒகஸ்டில் நெடுந்தீவில் சுழியோடலாமா?

ரொறன்ரோவில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பிறந்த ஊர் வேலணை. ஒகஸ்டில் இரண்டு கிழமை குடும்பத்தோடு வருகிறோம். நெடுந்தீவைச் சுற்றி ஸ்கூபா செய்ய ஆசை. எனக்கும் 12 வயது மகளுக்கும் நீந்தத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. ஊரில் நின்றுவிட்டு, திருகோணமலை, நுவரெலியா பார்த்து அப்படியே விமானம் ஏறுவோம். மாஸ்க் இங்கிருந்தே வாங்கி வருவதா?"

நெடுந்தீவுக்குக் கட்டாயம் போங்கள். குதிரைகளைப் பாருங்கள், முருகைக்கல் மதில்களைப் பாருங்கள். கடலுக்குள் இறங்குவதை மட்டும் திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக்கு ஒத்திவையுங்கள்.

காரணம் காற்று. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். நெடுந்தீவு நமது தீவுகளில் கடைசி. காற்றை மறிக்க அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. குறிகட்டுவானில் இருந்து போகும் அந்த ஒரு மணி நேரப் படகுப் பயணத்திலேயே கடலின் குணம் விளங்கிவிடும். தீவுகளைச் சுற்றிக் கடல் ஆழமும் குறைவு. 10 மீற்றர் தொடாத இடங்கள்தான் அதிகம். ஆழமில்லாத கடலில் அலை எழும்பினால் அடியில் கிடக்கிற சேறும் பொடிமணலும் கலங்கி மேலே வரும். நீட்டிய கை மங்கலாகத் தெரிகிற நாட்களும் உண்டு. அந்தத் தண்ணீருக்குள் மீனை எங்கே தேடுவது?

மார்ச், ஏப்ரலில் வந்தால் கதை வேறு. வாடை ஓய்ந்து, சோளகம் தொடங்காத இடைவெளி அது. அப்போதும் இங்கே மேலே மிதந்தபடி மூச்சுவிடுகிற ஸ்நோர்க்கல் குழாய் போதும். இரண்டாள் உயரத் தண்ணீருக்குச் சிலிண்டர் கட்டுவது, கிணற்றடிக்குப் போக வான் பிடிக்கிற மாதிரி. ஊரில் யாராவது "கடலட்டை பிடிக்கிற பெடியளிடம் சிலிண்டர் இருக்கு, எடுத்துத் தாறன்" என்று சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். அதற்குள் எந்தக் கொம்பிரசரால் காற்று நிரப்பினார்கள், கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

இங்கே கடலைக் கலக்குகிற அதே சோளகம் திருகோணமலைப் பக்கம் தரையைத் தாண்டித்தான் கடலுக்கு வருகிறது. அதனால் கிழக்குக் கரைக்கு ஒகஸ்ட் அமைதியான மாதம். நிலாவெளியில் இருந்து சுமார் ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு. 2003 முதல் அது தேசியப் பூங்கா, ஆகவே நுழைவுச்சீட்டு எடுக்கவேண்டும். பவளப்பாறை கரையோரமே தொடங்குவதால் ஸ்நோர்க்கலிலேயே நிறையப் பார்க்கலாம். செட்டை நுனி கறுத்த சிறிய சுறாக்கள் வரும். மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். துரத்தாவிட்டால் அவை தம் பாட்டில் போகும். களைத்தால் பாறையில் ஏறி நிற்காதீர்கள். உயிருள்ள பவளம் காலடியில் நொறுங்கும், உங்கள் காலும் கிழியும். மல்லாந்து மிதந்தால் களைப்புப் போய்விடும்.

ஸ்கூபா ஆசைக்கு அங்குள்ள பயிற்சி நிலையங்களில் அறிமுகச் சுழியோட்டம் கேளுங்கள். பயிற்றுநர் கூடவே வருவார், 12 மீற்றருக்குக் கீழே கொண்டுபோக மாட்டார். பத்து வயதில் இருந்தே சேர்ப்பார்கள், ஆகவே மகளும் வரலாம். ஒன்றை மட்டும் மனத்தில் பதியுங்கள்: சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது. 10 மீற்றரில் அமுக்கம் தரையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காகப் பெருக்கப் பார்த்து நுரையீரலைக் கிழித்துவிடும். சின்ன வயதில் கேணியில் மூச்சடக்கி விளையாடியவர்களுக்குத்தான் இந்தப் பழக்கத்தை விடுவது கஷ்டம். தடிமன் பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவேண்டாம், காது அடைத்து வலிக்கும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பயண ஒழுங்கு பிழை. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கும். அது மெதுவாக வெளியேறவேண்டும். வெளி அமுக்கம் சட்டென்று குறைந்தால் உடம்புக்குள்ளேயே குமிழியாகும். மூட்டு வலியில் இருந்து கைகால் இயங்காமல் போவது வரை கொண்டுபோய் விடலாம். இதனால்தான் ஒரு தடவை இறங்கியவர் குறைந்தது 12 மணித்தியாலமும், பல தடவை இறங்கியவர் 18 மணித்தியாலமும் விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். நான் எல்லாருக்கும் 24 என்றே சொல்வேன். விமானத்தை எல்லாரும் யோசிக்கிறார்கள், மலையை மறந்துவிடுகிறார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். பறக்கும் விமானத்துக்குள் இருக்கிற அமுக்கமும் அங்குள்ள அமுக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காலையில் சுழியோடிவிட்டுப் பின்னேரம் வாகனத்தில் மலை ஏறினால், விமானம் ஏறியதற்குச் சமம். ஆகவே நுவரெலியாவை முதலில் பாருங்கள், திருகோணமலையைப் பிறகு வையுங்கள். அதற்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையில் ஒரு முழு நாள் விடுங்கள். மேலே மிதந்தபடி ஸ்நோர்க்கல் மட்டும் செய்தால் இந்தக் கணக்கு தேவையில்லை.

மாஸ்க்கை அங்கிருந்தே வாங்கி வாருங்கள், மகளுக்குச் சிறிய அளவில் தனியாக. பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள்; கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுடையது. மீசை தடிப்பாக இருந்தால் தண்ணீர் கசியும், கொஞ்சம் கத்தரிக்கத்தான் வேண்டும். புதுக் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் புகார் படியும். முகம் முழுதும் மூடும் வகையை வாங்கவேண்டாம். உள்ளே விட்ட மூச்சே திரும்பத் தேங்கும், அவசரத்தில் கழற்றுவதும் சிரமம்.

உங்கள் மனைவி லைஃப் ஜாக்கெட்டோடு தாராளமாக ஸ்நோர்க்கல் செய்யலாம். ஆனால் முதல் தடவை புறாத்தீவில் வேண்டாம். ஊரில் நிற்கிற நாட்களில் சாட்டிக் கடற்கரையில், இடுப்பளவு தண்ணீரில், முகத்தைக் கவிழ்த்து வாயால் சுவாசித்துப் பழகட்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பழகத்தானே. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடக்கச் சொல்லுங்கள். வறை வைத்துச் சாப்பிடுகிற அதே திருக்கை அங்கே மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலடி உரசல் பட்டால் தானே விலகிப் போகும். தப்பித் தவறிக் குத்தினால், தாங்கக்கூடிய சுடுநீரில் காலை வைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். முள் ஆழமாக ஏறியிருந்தால் நீங்களே பிடுங்கவேண்டாம்.