ரைன்பெர்ட் டி லேயு: கேள்வி பதில்

கேள்வி: இவரை இசையமைப்பாளர் என்பதா, இசைநடத்துநர் என்பதா?

பதில்: இரண்டும் பொருந்தும், பியானோ கலைஞர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1938-இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த டி லேயு, அந்நாட்டின் ஹேக் நகரக் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்) இசையமைப்பாளர் கேஸ் வான் பாரனிடம் இசையமைப்புப் பயின்றார். எனினும், 1973-இல் ‘அப்ஷீட்’ என்னும் ஆர்கெஸ்ட்ராப் படைப்பை முடித்த பின் அவர் சொந்தமாக எழுதியது மிகக் குறைவு. ஜெர்மானியக் கவிஞர் ஹோல்டர்லினின் கவிதையை அடியொற்றிய ‘டெர் நெஹ்ட்லிஹெ வாண்டரர்’ என்ற பெரும்படைப்பு 2013-இல்தான் நிறைவுற்றது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளை இழப்பு என்போர் உண்டு. பிறர் எழுதிய புதிய இசை அரங்கேறுவதற்காகவே அவர் அக்காலத்தைச் செலவிட்டார் என்பதால், என்னால் அதனை இழப்பாகக் கருத இயலவில்லை.

கேள்வி: 1969-இல் கச்சேரியைக் குலைத்தவர்களுள் இவரும் ஒருவராமே? அது முறையா?

பதில்: ஆம். அவ்வாண்டு நவம்பர் 17 அன்று, பெர்னார்ட் ஹைட்டிங்க் நடத்திக்கொண்டிருந்த ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ் ஆர்கெஸ்ட்ராவின் கச்சேரியைச் சக இசையமைப்பாளர்களான லூயி ஆண்ட்ரீசன், பேட்டர் ஸ்காட், மிஷா மெங்கல்பெர்க் முதலியோருடன் சேர்ந்து கிலுகிலுப்பைகளும் ஊதுகுழல்களும் கொண்டு நிறுத்தினார். நாட்டின் தலையாய ஆர்கெஸ்ட்ரா சமகால இசைக்கு உரிய இடம் தரவில்லை என்பதும், அதுபற்றி அவையோர் முன்னிலையிலேயே விவாதிக்க வேண்டும் என்பதும் அவர்களது வாதம். வாசித்துக்கொண்டிருந்த கலைஞர்களை அவமதித்த அந்த வழியை நான் ஏற்கவில்லை. ஆனால் குறைபாடு மெய்யானது. பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் மாறட்டும் எனக் காத்திராமல் புதிய இசைக்கென்றே தனிக் குழுக்கள் நெதர்லாந்தில் அடுத்தடுத்துத் தோன்றியதை இதன் தொடர்ச்சியாகவே காண்கிறேன்.

கேள்வி: டி லேயு நடத்திய ஷோன்பெர்க் இசைக்குழு அவற்றுள் ஒன்றா?

பதில்: மிக முக்கியமான ஒன்று. ஹேக் கன்சர்வேட்டரி மாணவர்களோடு 1974-இல் தொடங்கிய அக்குழு, 2009-இல் ஆஸ்கோ என்னும் மற்றொரு புதிய இசைக் குழுவுடன் இணைந்தது. லிகெட்டி, மெஸ்ஸியான், குபைதுலினா, குர்டாக் ஆகிய சமகால இசையமைப்பாளர்களின் இசையை டி லேயு ஆழ்ந்து பயின்று அதன்வழி வழங்கினார். ஆண்ட்ரீசனின் ‘டி மட்டேரி’ என்னும் இசைநாடகப் படைப்பு 1989-இல் அரங்கேறியபோதும் நடத்தியவர் அவரே.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

பதில்: பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் தொடக்ககாலப் பியானோ படைப்புகளை அவர் வாசித்த பதிவுகளில் தொடங்குங்கள், அந்த அளவுக்கு மெதுவாக வாசிக்க மிகுந்த துணிவு வேண்டும். பிறகு, ஷூபர்ட், ஷூமான் பாடல்களைப் ஜெர்மானிய நடிகை பார்பரா சுகோவாவின் குரலுக்கென மறுவார்ப்புச் செய்த ‘இம் வுண்டர்ஷோனன் மோனாட் மை’ தொகுப்பைக் கேளுங்கள். 2020-இல் மறைந்த இவருடைய இசையமைப்பாளர் மனமும் நடத்துநர் மனமும் ஒருங்கே வெளிப்படுவது அதில்தான்.