கவுன்சில் வரி தாமதமானதால் வந்த நீதிமன்ற அழைப்பாணை

கேள்வி: நான் கிழக்கு லண்டனில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். வருடத்துக்கு 1,920 பவுண் கவுன்சில் வரியை (உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டும் வீட்டு வரியை) ஏப்ரல் தொடக்கம் ஜனவரி வரை பத்துத் தவணைகளாக, மாதம் 192 பவுண் வீதம் கட்டி வந்தேன். ஓகஸ்ட் கடைசியில் கணவர் பிரிந்து போய்விட்டார். பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகப் படிக்கும் 19 வயது மகன் மட்டுமே என்னுடன் இருக்கிறான். பராமரிப்பு இல்லத்தில் எனது வேலை நேரத்தையும் குறைத்துவிட்டார்கள். ஒக்டோபர் தவணையை, நினைவூட்டல் கடிதம் வந்து மூன்று வாரம் கழித்தே கட்ட முடிந்தது. நவம்பர் தவணையையும் கட்டிவிட்டேன். ஆனாலும் 384 பவுண் வரியும் 100 பவுண் செலவும் கேட்டு நீதவான் நீதிமன்ற அழைப்பாணை வந்திருக்கிறது. இது என் பெயரில் குற்றமாகப் பதியுமா? நான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்களை அதிகம் அச்சுறுத்தும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது குற்றவியல் வழக்கு அல்ல. குற்றங்களை விசாரிக்கும் அதே நீதவான் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டிருந்தாலும், கவுன்சில் அங்கே கேட்பது, இந்த வரி நிலுவையைக் கட்டுவது உங்கள் பொறுப்பு என்று உறுதிசெய்யும் ‘லயபிலிட்டி ஓடர்’ எனப்படும் பொறுப்புக் கட்டளையை மட்டுமே. அது குற்றப் பதிவாகாது. கடன் தரவுப் பதிவில் ஏறும் கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பும் அல்ல. ஆனால் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தையை எடைபோடும்போது நிதி நடத்தையும் கவனிக்கப்படும் என்பதால், இந்த நிலுவையைத் தீர்த்து, தீர்த்ததற்கான கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பதே நல்லது.

இரண்டு தவணைகளையும் கட்டிய பிறகும் ஏன் அழைப்பாணை என்று நீங்கள் கேட்பது நியாயமே. இங்கிலாந்தில் இதை ஆள்பவை 1992ஆம் ஆண்டின் கவுன்சில் வரி நிர்வாக, அமலாக்க ஒழுங்குவிதிகள். அவற்றின் 23ஆம் விதிப்படி, நினைவூட்டல் அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் தவறிய தவணையைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால், அதற்கடுத்த ஏழு நாட்கள் முடிந்ததும் அந்த வருடத்தின் மிகுதித் தொகை முழுவதும் உடனே செலுத்த வேண்டியதாகிவிடும். மூன்று வாரம் கழித்து நீங்கள் கட்டிய 192 பவுண் கணக்கில் சேர்ந்திருக்கிறது. ஆனால் தவணையாகக் கட்டும் உரிமை அதற்கு முன்பே போய்விட்டது. எனவேதான் டிசம்பர், ஜனவரித் தவணைகளுக்குரிய 384 பவுணும் ஒரே தொகையாகக் கேட்கப்படுகிறது. இந்த விதி கடுமையானது என்பதே என் கருத்து. ஒரு மாதம் தடுமாறிய குடும்பத்திடம் வருடத்தின் மிகுதியை மொத்தமாகக் கேட்பது, தடுமாற்றத்தைக் கடனாக மாற்றுகிறது. ஆனாலும் அதுதான் இன்றைய சட்டம். அதை எதிர்த்து நீதவான் முன் வாதிட்டுப் பயனில்லை.

அங்கே நீதவான் பார்ப்பது, தொகை சட்டப்படி செலுத்த வேண்டியதாகியதா, செலுத்தப்படாமல் இருக்கிறதா என்ற இரண்டைத்தான். இரண்டுக்கும் விடை ஆம் என்றால் கட்டளை பிறப்பித்தே ஆக வேண்டும். வேலை குறைந்தது, கணவர் பிரிந்தது போன்ற காரணங்கள் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அந்தக் கட்டளையைத் தடுக்கமாட்டா. ஆகவே உங்கள் வேலை நீதிமன்றத்தில் அல்ல, விசாரணைக்கு முந்திய நாட்களில் கவுன்சிலிடம்தான் இருக்கிறது. விசாரணைக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்பாவது அழைப்பாணை உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்; அந்த நாட்களில் ஒன்றையும் வீணாக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் வரியில் 25 சதவீதத் தள்ளுபடி உண்டு. முழுநேர மாணவர் இந்தக் கணக்கில் சேர்க்கப்படமாட்டார். அப்படியானால் செப்டம்பர் முதல் உங்கள் வீட்டில் கணக்கில் வரும் ஆள் நீங்கள் ஒருவர்தான். 1,920 பவுணில் கால் பங்கு 480 பவுண். செப்டம்பர் தொடக்கம் மார்ச் முடிய ஏழு மாதத்துக்கு அது ஏறத்தாழ 280 பவுண். உங்களிடம் கேட்கப்படும் 384 பவுணில் இதைக் கழித்தால் எஞ்சுவது 104 பவுண் அளவே. இந்தத் தள்ளுபடி கவுன்சிலின் கருணையைப் பொறுத்தது அல்ல, சட்டம் தரும் உரிமை. ஆனால் நீங்கள் அறிவிக்கும்வரை அவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

ஆகவே இன்றே, அழைப்பாணையில் உள்ள கணக்கு இலக்கத்தைக் குறிப்பிட்டு, கவுன்சில் வரிப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். கணவர் வீட்டைவிட்டுச் சென்ற திகதி, தெரிந்தால் அவரது தற்போதைய முகவரி, மகனின் படிப்பு விபரம், அந்தத் திகதியிலிருந்து தள்ளுபடி தந்து வரியைத் திருத்திக் கணக்கிட வேண்டும் என்ற கோரிக்கை, அதுவரை அழைப்பாணையை மீளப்பெறவோ விசாரணையை ஒத்திவைக்கவோ வேண்டும் என்ற வேண்டுகோள் ஆகியவை அதில் இருக்கட்டும். பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றிதழைக் கட்டாயம் இணையுங்கள். அது இல்லாததால்தான் பல கோரிக்கைகள் வாரக்கணக்கில் இழுபடுகின்றன. அதே கடிதத்தில், 1992ஆம் ஆண்டின் உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழ் இதை எழுதுகிறேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கவுன்சில் மறுத்தால், அல்லது இரண்டு மாதத்தில் பதில் தராவிட்டால், இங்கிலாந்துக்கான மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முறையிடும் உரிமையை அது காப்பாற்றும். தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் இல்லை. தள்ளுபடி பற்றிய பிணக்குக்கு உரிய இடம் அதுதான். முன்பு சொன்ன 1992ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் 57ஆம் விதி அத்தகைய வாதத்தை நீதவானிடம் எழுப்ப இடம் தருவதில்லை.

வருமானம் குறைந்திருப்பதால், வரிக் குறைப்புத் திட்டத்துக்கும் உடனே விண்ணப்பியுங்கள். திட்டம் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும், பின்திகதியிட்டுத் தருவதும் அப்படியே. எனவே தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் நட்டமாகலாம்.

கடிதத்தை அனுப்பிய கையோடு, உங்கள் கணக்கிலேயே பிணக்கில்லாத அந்த 104 பவுணையும் கட்டிவிடுங்கள். நல்லெண்ணத்துக்கு அதைவிட உறுதியான சான்று வேறில்லை.

100 பவுண் செலவு பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். மாற்றத்தை நீங்கள் அறிவிக்காததால், அழைப்பாணை அனுப்பப்பட்ட அன்று கவுன்சிலின் கணக்கு சரியாகவே இருந்தது. ஆகவே செலவைக் கைவிட அவர்கள் மறுக்கலாம். வரியை மட்டும் கட்டிவிட்டால் செலவுக்காக மட்டும் கட்டளை கேட்கவும் விதியில் இடமுண்டு. ஆயினும் கைவிடும்படி கேளுங்கள். மறுத்தால் அத்தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விபரத்தையும் கேளுங்கள். ஹாரிங்கே கவுன்சில் கேட்ட 125 பவுண் செலவை எதிர்த்து, ஓய்வுபெற்ற மதகுரு போல் நிக்கல்சன் தொடுத்த வழக்கில், செலவு நியாயமாகச் செய்யப்பட்டதா என்று தீர்மானிக்கப் போதிய தகவல் நீதவான்களிடம் இருக்க வேண்டும் என்று 2015இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரியும் நியாயமான செலவும் விசாரணைக்கு முன் முழுமையாகக் கட்டப்பட்டால் கவுன்சில் வழக்கை மேற்கொண்டு நடத்த முடியாது.

நீதிமன்றம் போக வேண்டுமா? போகாவிட்டால் தண்டனை எதுவும் இல்லை. நீங்கள் இல்லாமலே கட்டளை பிறக்கும், அவ்வளவுதான். ஆனால் எழுத்தில் பதில் வராவிட்டால் போகும்படியே சொல்வேன். ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான பெயர்கள் பட்டியலிடப்படுவதால், விசாரணைக்கு முன் தாழ்வாரத்தில் கவுன்சில் அலுவலர் ஒருவருடன் பேசவே பெரும்பாலும் வாய்ப்புக் கிடைக்கும். கடிதப் பிரதி, மாணவர் சான்றிதழ், கட்டிய பற்றுச்சீட்டு, சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் கொண்டுபோய், தள்ளுபடிக் கோரிக்கை நிலுவையில் இருப்பதைக் காட்டி ஒத்திவைக்கக் கேளுங்கள். ஒத்திவைப்பது நீதவானின் விருப்பம் என்பதையும் மனதில் வையுங்கள்.

கட்டளை பிறந்துவிட்டாலும் தள்ளுபடி கைவிட்டுப் போகாது. பின்னர் கிடைத்தாலும் நிலுவை அந்த அளவுக்குக் குறையும். ஆனால் கட்டளைக்குப் பின் சம்பளத்தில் பிடிக்கும்படி முதலாளிக்கு அறிவிக்கவோ, கடனை அறவிட வீடு தேடி வரும் அமலாக்க அலுவலரான பெய்லிஃபிடம் ஒப்படைக்கவோ கவுன்சிலுக்கு அதிகாரம் வருகிறது. 2014இல் வந்த கட்டண விதிகள், கோப்பு பெய்லிஃபின் கைக்குப் போனதற்கே 75 பவுணும், வாசலுக்கு வந்தால் மேலும் 235 பவுணும் நிர்ணயித்தன. உங்களுடையது போன்ற சிறிய நிலுவை அங்கேதான் பல மடங்காகிறது. எனவே கட்டளை வந்த நாளிலேயே, உங்களால் தவறாமல் கட்டக்கூடிய மாதத் தொகையைச் சொல்லி எழுத்தில் உடன்பாடு கேளுங்கள். வேறு கடன்களும் இருந்தால், கடன் ஆலோசகர் ஒருவர் மூலம் 60 நாள் அமலாக்கத்தை நிறுத்திவைக்கும் ‘பிறீதிங் ஸ்பேஸ்’ ஏற்பாட்டைக் கேட்கலாம்; சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இதற்கு இலவசமாக வழிகாட்டுவார்கள்.