சமணர் மலை ஏறியதைப் போனில் பதிவு செய்தேன். தூரம் அதிகமாகவும் உயரம் குறைவாகவும் காட்டுகிறது. இந்த ஜிபிஎஸ் தடத்தை எந்த மென்பொருளில் சரிபார்ப்பது?

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும், இலவசம்தான். மலையடிவாரத்துக் கீழக்குயில்குடி எனக்குப் பக்கம், அடிக்கடி மலையேறுவேன். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் என் பதிவுகளிலும் வந்தன.

செயலியிலிருந்து தடத்தை ஜிபிஎக்ஸ் (ஜிபிஎஸ் தடங்களுக்கான வடிவம்) கோப்பாக எடுத்து கியூஜிஐஎஸ்ஸுக்குள் இழுத்துப் போடுங்கள். எந்த அடுக்கு வேண்டும் என்று கேட்கும். கோட்டை மட்டும் எடுக்காமல் டிராக் பாயிண்ட்ஸையும் எடுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் நேரமும் உயரமும் இருக்கும். நேரம் உலகப் பொது நேரம், 5.30 மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் தூரம். மலைமேல் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் சமணச் சிற்பங்களைப் பார்த்தபடி கால் மணி நேரம் நின்றிருப்பீர்கள். நாம் நின்றாலும் போன் பதிந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு புள்ளியும் சில மீட்டர் தள்ளி விழும். பக்கத்தில் பாறை இருந்தால் சிக்னல் அதில் பட்டுத் திரும்பி வருவதால் இன்னும் மோசம். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சிக்கு விழுந்த நூல் மாதிரி இருக்கும். அந்தச் சிக்கின் நீளமும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது. நான் அந்தப் புள்ளிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டு, பாயிண்ட்ஸ் டு பாத் கருவியில் நேர வரிசைப்படி கோட்டைத் திரும்பப் போட்டு அளப்பேன்.

அடுத்தது உயரம். இதில்தான் நான் வெகுநாள் குழம்பினேன். ஜிபிஎஸ் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை, பூமிக்குப் பொருத்திய ஒரு கணித நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. உலகிலேயே இந்த இரண்டும் மிக அதிகமாக விலகும் இடம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கடல் மட்டம் நீள்கோளத்துக்கு 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் நம் மதுரையும் வருகிறது, இங்கே வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். சில செயலிகள் இதைத் திருத்தி எழுதும், சில எழுதாது. கண்டுபிடிப்பது எளிது: மதுரை விமான நிலையத்தின் தரையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர். மலையடிவாரத்தில், அய்யனார் கோயில் குளத்தருகே உங்கள் புள்ளி 50, 60 என்று காட்டினால் அது திருத்தாத உயரம்.

எவ்வளவு ஏறினோம் என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றால் உச்சிப் புள்ளியிலிருந்து அடிவாரப் புள்ளியைக் கழியுங்கள், அந்த 90 மீட்டர் இரண்டிலும் அடிபட்டுப் போகும். கடல் மட்ட உயரமே வேண்டுமென்றால் நாசாவின் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை இறக்கி, சாம்பிள் ராஸ்டர் வேல்யூஸ் கருவியால் ஒவ்வொரு புள்ளிக்கும் உயரம் எடுக்கலாம். ஆனால் அதில் ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம்தான், ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர் அகலம். சமணர் மலை மாதிரிச் சிறிய, செங்குத்தான பாறையில் உச்சி கொஞ்சம் மழுங்கித்தான் வரும். அதனால் அடிவார உயரத்தை எஸ்ஆர்டிஎம்மில் எடுத்துக்கொண்டு, ஏறிய அளவைப் போன் பதிவிலிருந்து கூட்டுகிறேன்.