அ, இம், மா

கடிதம்:

வணக்கம் ஐயா. மகனுக்கு நாலரை வயது. விஜயதசமியில் ஏடு தொடக்கி, இப்போது முன்பள்ளிக்குப் போகிறான். ஆனா, ஆவன்னாவில் இருந்து அக்கன்னா வரை பாடம். ‘இக், இங், இச்’ என்று பதினெட்டையும் மூச்சு விடாமல் சொல்லுவான். ஆனால் ‘பல்’ என்று எழுதிக் காட்டினால் ‘ப... இல்’ என்கிறான். ‘அம்மா’ அவனுக்கு ‘அ, இம், மா’. ‘ந’வைத் திருப்பியும் எழுதுகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை செயலி பார்த்தே வாசிக்கிறதாம். நாங்களும் ஒரு ரப்லெற் வாங்குவதா, மர எழுத்துப் பெட்டி வாங்குவதா? மாமி ‘ஆறுமுக நாவலர் காலத்திலிருந்து இப்படித்தான், வயது வர வரும்’ என்கிறா.

– ஒரு தாய், கோண்டாவில்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் மகனில் ஒரு பிழையும் இல்லை. சொல்லிக் கொடுத்ததை அச்சொட்டாகத் திருப்பிச் சொல்கிறான். ‘ல்’ என்ற எழுத்தைக் காட்டி ‘இல்’ என்று சொன்னது நாங்கள். ப-வோடு இல் சேர்ந்தால் ‘பஇல்’தானே வரும்? இதைப் பற்றி எழுதவேண்டும் என்று கன நாளாக மனதில் கிடந்தது. உங்கள் கடிதம் கிளறிவிட்டது.

எழுத்தின் பெயர் வேறு, அதன் ஒலி வேறு. ‘அ’ குறில், அதன் பெயரோ ‘ஆனா’, நெடிலில் தொடங்குகிறது. ‘இ’க்குப் பெயர் ‘ஈனா’. அந்தப் பெயர்களை நம்பி வாசிக்கிற பிள்ளை ‘அணில்’ என்பதை எப்படித் தொடங்குவான்? மெய்யெழுத்தில் நிலைமை இன்னும் மோசம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு இகரத்தைக் கட்டிவிட்டிருக்கிறோம். ‘மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்’ என்கிறது தொல்காப்பியம். அகரத்தோடுதான் மெய் நடமாடும் என்று அவ்வளவு பழைய நூலே சொல்லியிருக்க, நாங்கள் எங்கிருந்தோ ‘இக்’ பிடித்துக்கொண்டு வந்து பிள்ளையின் வாயில் திணிக்கிறோம். மாமிக்கு ஒன்று சொல்லுங்கோ: நாவலர் 1848 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கி, படிப்படியாக ஏறுகிற பாலபாடங்கள் எழுதி அச்சிட்டவர். பழைய முறை போதும் என்று இருந்தவர் அல்ல. அவரைச் சாட்சிக்கு இழுக்கவேண்டாம்.

இனிச் செய்யவேண்டியது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி எழுத்துச் சொல்லவைக்கிற வழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். அது வாசிப்பு அல்ல, பாட்டு. சுவரில் தொங்குகிற 216 உயிர்மெய் அட்டவணையையும் கழற்றிவிடுங்கள். ஐந்து எழுத்துக் காணும்: ப, ட, ம, ல, க. ஆங்கில ஒலிப்புமுறை வகுப்புகளில் எஸ், ஏ, ரீ, ஐ, பீ, என் என்ற ஆறையும் முதலில் எடுப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த ஆறிலேயே நிறையச் சொற்கள் கட்டலாம் என்பதுதான் காரணம். எங்கள் ஐந்திலும் பல், கல், படம், மடம், கடல், பட்டம், பக்கம் எல்லாம் கிடக்கின்றன.

சவர்க்காரப் பெட்டி அட்டையை உள்ளங்கையளவில் வெட்டி, ஒன்றில் ஒரு எழுத்தாகப் பெரிதாக எழுதுங்கள். சில எழுத்து இரண்டு மூன்று தரம் வேண்டும். கூடவே நெற்றியில் வைக்கிற ஒட்டுப் பொட்டு ஒரு தாள். (குண்டுமணி வைக்கலாமே என்று யாரும் சொல்லுவார்கள். வேண்டாம், அது நஞ்சு. பிள்ளை வாயில் போடும்.)

ப, ல இரண்டையும் ஒட்டி வையுங்கள். ப-வின் கீழே இருந்து ல-வின் கீழ்வரை விரலை இழுத்தபடி ‘பல’ என்று சொல்லட்டும். இப்போது ல-வின் தலையில் ஒரு பொட்டை ஒட்டுங்கள். பொட்டு வைத்தால் கடைசியில் ‘அ’ சொல்லக்கூடாது, விதி அவ்வளவுதான். நாக்கு மேலே ஒட்டியபடி நிற்கும்: பல்ல்ல். பொட்டை எடுத்தால் பல. வைத்தால் பல். இதையே பிள்ளை திரும்பத் திரும்பச் செய்யட்டும், பொட்டை ஒட்டுவதும் கழற்றுவதும் அவன் கையாலேயே நடக்கவேண்டும். பிறகு ‘படம’ என்று வையுங்கள். சிரிப்பான். ம-வுக்குப் பொட்டு வைத்தால் படம்.

பிழைக்கிற இடம் ஒன்று உண்டு, அதைக் கவனமாகப் பாருங்கள். ப-வுக்கும் ல்-லுக்கும் நடுவில் குரல் அறக்கூடாது. ‘ப’ என்று சொல்லி நிறுத்திவிட்டால், மறுபடி ல்-ஐத் தொடங்க வாய்க்கு ஒரு உயிர் தேவைப்படும். அந்த இடைவெளியில்தான் ‘இ’ நுழைகிறது. அதனால் இழுக்கக்கூடிய ல், ம் இரண்டையும் முதலில் எடுங்கள். ட், க், ப் இழுபடாது. அவற்றைத் தனியே சொல்லவைக்கவே வேண்டாம், இரட்டித்து வருகிற சொல்லில் காட்டுங்கள். ‘படம்’ வைத்து, நடுவில் பொட்டு வைத்த ட ஒன்றைச் செருகினால் ‘பட்டம்’. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொல்லில் ஆசை இருக்கும். நடுவில் நாக்கு ஒரு கணம் ஒட்டி நிற்பதை அவனே உணர்வான்.

‘பகல்’ கொஞ்சம் பிந்தி வரட்டும். க முதலில் வருகிற கல், கடல் பழகின பிறகு அதை வைத்தால், எழுத்தெழுத்தாக வாசித்து ‘பக்கல்’ என்பான். ‘கெதியாய்ச் சொல்லு’ என்றால் காது தானே திருத்திக்கொள்ளும். வல்லின விளக்கம் எல்லாம் நாலரை வயதில் வேண்டாம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அவன் எழும்பி ஓட முதல் நீங்கள் அட்டையை எடுத்துவைத்துவிட வேண்டும்.

ஐந்தும் கைவந்த பிறகு கால் போடுங்கள். அப்போது ‘பால்’ ஐ ‘பரல்’ என்பான், காலும் ர-வும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால். ர-வின் அடிச்சரிவை வடிவாக, பெரிதாக இழுத்து எழுதுங்கள். கொம்பு கடைசி, கண் முதலில் காண்கிற கொம்பைக் காது பிறகுதான் கேட்கும். ‘கொடி’யைக் ‘கெடி’ என்பான், பின்னால் நிற்கிற காலை விட்டுவிடுவதால். ‘பழம்’ ‘பளம்’ ஆவதற்கு ஏசவேண்டாம், ஊரே அப்படித்தான் கதைக்கிறது. ‘ந’ திரும்புவது இந்த வயதில் வழமை.

ரப்லெற், மரப்பெட்டி என்று கேட்டிருந்தீர்கள். பெட்டி என்றால், புள்ளி தனியாகக் கழன்று வருகிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்து வாங்குங்கள். செயலி என்றால் ‘ல்’ படத்தை ஒருதரம் அழுத்துங்கள். ‘இல்’ என்று சொன்னால் அழித்துவிடுங்கள்.