சக்தியைக் கூட்டியும் பிழை இறங்கவில்லையா?
தம்பி, உங்கள் கணினிப் பாவனையில் ஒத்திசைவற்ற (பிட்களை ஒரே கணத்தில் தொடங்காத) 10 சிடிஎம்ஏ பயனர்கள், அதாவது ஒரே அலைவரிசையைத் தனித்தனிக் குறியீடுகளால் பகிர்பவர்கள், ஒவ்வொருவருக்கும் 31 நீளக் கோல்ட் குறியீடு (ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய உதவும் தொடர்), எல்லோருடைய அனுப்பும் சக்தியையும் உயர்த்தியும் பிட் பிழை ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நிரலை அழித்துவிடாதீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது! ரங்கநாதன் தெருவில் எல்லா வியாபாரிகளும் ஒன்றாகக் குரலை உயர்த்தினால் எவர் குரல் தெளிவாகக் கேட்கும்? இரைச்சல் அடங்கினாலும் மற்ற 9 பேரின் குறுக்கீடு அடங்காது. தகவல்தொடர்பு ஆய்வாளர் பர்ஸ்லி 1977இல் தந்த தோராயப்படி, அந்த 9ஐக் குறியீட்டு நீளத்தின் மும்மடங்கான 93ஆல் வகுத்து, தலைகீழாக்கி, வர்க்கமூலம் எடுங்கள்: குறுக்கீட்டோடு ஒப்பிட்ட குறிகையின் வலிமை ஏறக்குறைய 3.2. இயல்நிலைப் பரவலின் வால் பகுதியில் அதற்குரிய பிழை பத்தாயிரத்தில் 6 அல்லது 7. உங்கள் வரைபடமும் அங்கேதான் நிற்கிறது. நீளத்தை 127 ஆக்கிப் பாருங்கள், பிழை வெகுவாக இறங்கும். அதே தரவு வேகத்துக்கு அலைவரிசை அகலம் சுமார் நான்கு மடங்கு தேவைப்படும்.